தள்ளுண்டோர் கொடை: எச்.ஐ.வி. தொற்றுடையோரும் உறுப்பு மாற்று மருத்துவமும்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், டெவில்ஸ் பீக் என்னும் மலையின் சரிவில் குரூட் ஸ்கூர் மருத்துவமனை அமைந்துள்ளது. டச்சு மொழியில் இப்பெயருக்குப் 'பெருங்களஞ்சியம்' என்று பொருள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 17ஆம் நூற்றாண்டில் தானியம் சேர்த்துவைத்த களஞ்சியத்தின் பெயரே பிற்காலத்தில் மருத்துவமனைக்கும் வழங்கலாயிற்று. 1967ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் மருத்துவர் கிறிஸ்டியான் பார்னார்டு இங்கு ஒரு மனிதரின் இதயத்தை மற்றொரு மனிதரின் மார்பில் பொருத்தினார். உலகச் செய்தித்தாள்கள் யாவும் இக்களஞ்சியத்தின் பக்கம் திரும்பின. இதயம் பெற்றவர் 18 நாட்களே உயிர்வாழ்ந்தார். அடுத்த மாதமே, 1968 ஜனவரி 2ஆம் நாள், இரண்டாம் அறுவை நடைபெற்றது. அன்று வெள்ளையர் ஒருவரின் மார்பில் துடித்தது, அந்நாட்டுச் சட்டம் 'கலப்பினத்தவர்' என்று முத்திரையிட்டிருந்த இளைஞர் ஒருவரின் இதயம். பூங்காவின் ஒரே பலகையில் அமரவும், ஒரே வார்டில் படுக்கவும் சட்டம் இடங்கொடாத இருவர் ஓருடலாயினர். நிறவெறிக் கொள்கையைத் திருமறையால் நிலைநாட்ட முயன்ற அக்காலத்து இறையியலார் இதற்கு என்ன விளக்கம் எழுதியிருப்பர் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்டது, அதே மருத்துவமனையில் 40 ஆண்டுகள் கழித்துத் தொடங்கிய வேறொரு பணியாகும். 2008ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், எச்.ஐ.வி. தொற்றுடன் இறந்தோரின் சிறுநீரகங்களை, எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர்க்குப் பொருத்தும் பணி அங்குத் தொடங்கிற்று. அதனைத் தொடங்கியவர் எல்மி முல்லர் என்னும் பெண் அறுவை மருத்துவர். இப்பணியின் வரலாற்றை மருத்துவ வரலாறாக மட்டும் எழுதிவிட்டால், அதன் பாதியே எழுதப்பட்டதாகும். யாருக்கு உயிர்காக்கும் சிகிச்சை தருவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பது அதன் மறுபாதி. அப்பாதியில் திருச்சபைக்கும் ஒரு பங்கு இருந்துள்ளது.

அப்பங்கினை அறிய நாம் அமெரிக்காவின் சியாட்டில் நகருக்குச் செல்லவேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவரின் குருதியை எந்திரத்தின் வழியாகத் தூய்மைப்படுத்தும் முறை, அதாவது டயாலிசிஸ், அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. ஆயினும் ஒவ்வொரு முறையும் குருதிக் குழாயைப் புதிதாகத் திறக்கவேண்டியிருந்ததால் நெடுநாள் அதனைத் தொடர இயலவில்லை. 1960இல் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்பார், கையில் நிலையாகப் பொருத்திவைக்கக்கூடிய ஒரு சிறு குழாயை வகுத்தார். அன்று முதல் வாரந்தோறும் சிகிச்சை பெற்று ஆண்டுக்கணக்கில் வாழ்வது இயல்வதாயிற்று. எந்திரங்களோ மிகச் சில. உயிர் தப்ப விரும்பியவர்களோ பலர். எனவே எழுவர் கொண்ட ஒரு குழு அமைக்கப்பட்டது. வழக்கறிஞர், வங்கியாளர், இல்லத்தரசி, அரசு அலுவலர், தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர் ஆகியோருடன் ஒரு போதகரும் அதில் அமர்ந்தார். 1962 நவம்பரில் 'லைஃப்' இதழில் ஷானா அலெக்சாண்டர் எழுதிய கட்டுரை அக்குழுவை உலகறியச் செய்தது. வருமானம், குடும்பப் பொறுப்பு, கல்வி ஆகியவற்றோடு, நோயாளி தவறாது ஆலயத்துக்குச் செல்பவரா என்பதும் அக்குழுவினரின் பேச்சில் இடம்பெற்றது. ஆலய வருகைப் பதிவேடு எதற்கெல்லாம் பயன்படக்கூடும் என்பதை நம் போதகர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக! அக்குழுவினர் தீயோர் அல்லர். ஊதியமின்றி, மனச்சாட்சியின் வேதனையோடு அப்பணியைச் செய்தவர்கள். ஆயினும் அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் அவர்களைப் போன்றவர்களாகவே இருந்தனர். 1972இல் அமெரிக்க அரசு டயாலிசிஸ் செலவைத் தானே ஏற்கச் சட்டம் இயற்றியபின் அத்தகைய குழுக்களுக்கு அங்கு வேலையில்லாமற் போயிற்று.

தென்னாப்பிரிக்காவின் அரசு மருத்துவமனைகளில் அந்நிலை வரவில்லை. அங்குக் குழுவுக்குப் பதிலாக ஒரு விதி நின்றது. வாரத்துக்கு மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என ஒரு நோயாளி எந்திரத்தைப் பயன்படுத்துவாராயின், அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை, அல்லது அவர் இறக்கும்வரை, அவ்விடம் பிறருக்குக் கிடையாது. ஆதலால் மாற்றுச் சிறுநீரகம் பெறத் தகுதியுடையோர்க்கே எந்திரத்தில் நிலையான இடம் என்று வகுத்தனர். எந்திரம் ஒரு பாலம். பாலத்தின் மறுகரையில் இடமில்லாதவரைப் பாலத்தில் ஏற்றுவதில்லை. நீரிழிவும் இதய நோயும் உடைய 41 வயதான இந்திய வம்சாவளியினர் ஒருவர் தர்பன் நகரில் இவ்விதியால் திருப்பி அனுப்பப்பட்டார். தனியார் மருத்துவமனையில் கைப்பொருள் தீருமட்டும் சிகிச்சை பெற்றபின் அவர் நீதிமன்றத்தை அணுகினார். அந்நாட்டின் புதிய அரசியலமைப்பு நலவாழ்வு பெறும் உரிமையைத் தந்திருந்தபோதிலும், வளம் குறைந்த நிலையில் நேர்மையாக வகுக்கப்பட்ட விதியில் தலையிட இயலாது என்று 1997 நவம்பர் 27ஆம் நாள் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப்பின் அவர் நெடுநாள் உயிரோடிருக்கவில்லை. அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்ததில்லை. எனினும் எச்.ஐ.வி. தொற்றுடையோரின் நிலையை அறிய அவ்வழக்கே திறவுகோலாகும். அவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் இல்லை. ஆகவே டயாலிசிஸும் இல்லை.

மாற்றுச் சிறுநீரகம் ஏன் இல்லை? இதற்கு விடை காண மருத்துவ வரலாற்றில் சிறிது பின்னோக்கிச் செல்வோம். 1954 டிசம்பர் 23ஆம் நாள் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே என்பார் ஒரு சிறுநீரகத்தை வெற்றியுடன் மாற்றிப் பொருத்தினார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒத்த இரட்டையராய் இருந்தமையால், பெற்றவரின் உடல் புதிய உறுப்பை அந்நியமென்று கருதவில்லை. மற்றவர்களுக்கோ உடலின் எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கினால் அன்றி, பொருத்திய உறுப்பு நிலைக்காது. 1980களில் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து பரவலாக வழக்கிற்கு வந்தபின்னரே உறுப்பு மாற்று மருத்துவம் பெருகிற்று. அதே ஆண்டுகளில்தான் எய்ட்ஸ் நோயும் அறியப்பட்டது. 1981 ஜூன் 5ஆம் நாள் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வார ஏட்டில் முதற்குறிப்பு வெளிவந்தது. 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் அதன் கிருமியைப் பிரித்தெடுத்தனர். எதிர்ப்பாற்றலை அழிப்பது அந்நோய். எதிர்ப்பாற்றலை அடக்குவது இந்த மருந்து. இரண்டையும் ஓருடலில் சேர்ப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதாகும் என்று மருத்துவர்கள் அஞ்சினர். 1988இல் அமெரிக்கா, எச்.ஐ.வி. தொற்றுடையோரின் உறுப்புகளை எவருக்கும் பொருத்தலாகாது என்று சட்டமே இயற்றிவிட்டது.

அச்சட்டத்தை அறியாமை என்று நாம் இகழ விரும்பவில்லை. 1988இல் அது முன்னெச்சரிக்கையே. கூட்டு மருந்துச் சிகிச்சை 1996இல் வந்தது. அதன்பின் அத்தொற்று மரண ஓலையாக இல்லாமல், மருந்தால் அடங்கி நடக்கும் நீடித்த நோயாயிற்று. ஆயினும் சட்டமும் மருத்துவமனை விதிகளும் 1988லேயே நின்றுவிட்டன. நோய் மாறியபின்னும் விதி மாறாதிருந்த அவ்வாண்டுகளைக் குறித்தே நாம் கேள்வி எழுப்புகிறோம். லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களைப் படித்தோர் ஒன்றைக் கவனித்திருப்பர். தொற்றுடையவனைப் பாளயத்துக்கு வெளியே அனுப்பும் ஆசாரியனே, பின்னர் அவன் இருக்குமிடத்துக்குப் புறப்பட்டுப்போய் மீண்டும் பார்க்கவும் கட்டளை பெற்றிருக்கிறான். இரண்டாம் முறை பார்ப்பதும் அவன் கடமையே.

தென்னாப்பிரிக்காவில் இரண்டாம் முறை பார்ப்பதற்கு ஒரு தனித்தடை இருந்தது. 1999இல் குடியரசுத் தலைவரான தாபோ உம்பெக்கி, எச்.ஐ.வி.தான் எய்ட்ஸ் நோய்க்குக் காரணமா என்றே வெளிப்படையாக ஐயம் எழுப்பினார். மருந்து வழங்கத் தயங்கிய அரசை எதிர்த்து 'சிகிச்சைச் செயல் இயக்கம்' என்னும் மக்கள் அமைப்பு நீதிமன்றம் சென்றது. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுப் பரவாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு வழங்கியே ஆகவேண்டும் என்று 2002 ஜூலையில் தீர்ப்புப் பெற்றது. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துகள் படிப்படியாகக் கிடைக்கலாயின. அதன் விளைவாக, சாகவேண்டியவர்கள் வாழலாயினர். அவர்களுள் சிலருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. எச்.ஐ.வி. கிருமி சிறுநீரகத்தின் வடிகட்டிகளை நேரே தாக்கிக் கெடுக்கவல்லது. ஆப்பிரிக்க வழித்தோன்றல்களுள் சிலரின் மரபணுக்கூறு இத்தாக்குதலுக்கு எளிதில் இடங்கொடுக்கிறது. எச்.ஐ.வி. மருந்தால் உயிர்பிழைத்த ஒருவர், டயாலிசிஸ் வாயிலில் அதே எச்.ஐ.வி.யின் பெயரால் திருப்பி அனுப்பப்பட்டார்.

முல்லர் அவர்கள் கண்ட காட்சி இதுவே. ஒருபுறம் இவ்வாறு வீட்டுக்குச் சாக அனுப்பப்பட்டோர். மறுபுறம், விபத்திலும் வன்முறையிலும் மூளைச்சாவு அடைந்து, குருதிச் சோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்ததால் உறுப்புகள் கைவிடப்பட்டோர். இருவகையாரையும் ஒரே சொல் தள்ளிற்று. ஏற்கெனவே தொற்றுடைய ஒருவருக்குத் தொற்றுடையவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினால் என்ன? தொற்றில்லாத நோயாளி எவரும் தமக்குரியதை இழக்கப்போவதில்லை. ஏனெனில் அவ்வுறுப்புகள் எவருக்கும் பயன்படாதவை. அமெரிக்காவில் இருந்த தடைச்சட்டம் தென்னாப்பிரிக்காவில் இல்லை. அங்குத் தடையாய் இருந்தது வழக்கம் மட்டுமே.

ஆபத்து இல்லாமலில்லை. எச்.ஐ.வி. ஒரே வகையானதன்று. இறந்தவரின் உறுப்பிலுள்ள கிருமி மருந்துக்குப் பணியாத வகையாயின், அதுவரை நலமாயிருந்தவரையும் அது கெடுத்துவிடும். ஆகவே கூட்டு மருந்து உண்டிராதவர், அல்லது முதல்நிலை மருந்தையே உண்டுவந்தவர் ஆகியோரின் உறுப்புகளையே தெரிந்தெடுத்தனர். சிறுநீரகத்தின் சிறுதுணுக்கை எடுத்து அது நோயுற்றுள்ளதா என்று ஆராய்ந்தனர். பெறுவோர், மருந்தால் கிருமி அடங்கியவராய் இருத்தல் வேண்டும் என்று விதித்தனர். முதல் நால்வரைப் பற்றிய அறிக்கை 2010இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' வெளிவந்தது. 2008 செப்டம்பர் முதல் 2014 பிப்ரவரி வரை சிகிச்சை பெற்ற 27 பேரைப் பற்றிய அறிக்கை 2015இல் அதே இதழில் வந்தது. மூன்றாம் ஆண்டின் முடிவில் உயிரோடிருந்தவர் நூற்றுக்கு 84 பேர். ஐந்தாம் ஆண்டின் முடிவில் 74 பேர். அவர்களுள் எவருக்கும் எச்.ஐ.வி. கட்டுமீறிப் பெருகவில்லை. எந்திரத்திலேயே இடம் மறுக்கப்பட்டவர்கள் இவர்கள் என்பதை நினைவிற்கொண்டு இவ்வெண்களைப் படிக்கவேண்டும். இவர்களுக்கு இருந்த மாற்றுவழி, சில வாரங்களில் வரும் சாவு.

எதிர்பாராத இடர் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. எரிகிற வீட்டில் எண்ணெய் என்று அஞ்சியதற்கு மாறாக, தொற்றுடையோரின் உடல் புதிய உறுப்பை மற்றவர்களைவிட மிகுதியாக எதிர்த்தது. தொற்றில்லாதோரின் சிறுநீரகத்தைப் பெற்ற தொற்றுடையோர் 150 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, முதலாண்டிலேயே நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேர்க்கு அத்தகைய எதிர்ப்புத் தோன்றியது 2010இல் அறிவிக்கப்பட்டது. எச்.ஐ.வி. மருந்துகளும், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளும் ஒன்றோடொன்று மோதுவது இதற்கு ஒரு காரணம். இருவகையையும் சிதைப்பது கல்லீரலின் ஒரே நொதி. ரிட்டோனவிர் அந்நொதியைத் தடுப்பதால் அடக்கும் மருந்து குருதியில் பன்மடங்கு ஏறும். எஃபவிரென்ஸ் அதனைத் தூண்டுவதால் குறையும். பின்னர் வழக்கிற்கு வந்த டோலுடெக்ரவிர் போன்றவை இவ்வாறு மோதாமையால் மருத்துவர்களின் சுமை பெரிதும் குறைந்தது.

கேப் டவுனில் கிடைத்த சான்று அமெரிக்கச் சட்டத்தை அசைத்தது. 1988ஆம் ஆண்டின் தடையை ஆராய்ச்சியின்பொருட்டு நீக்கும் சட்டம், இரு அவைகளிலும் எதிர்ப்பின்றி நிறைவேறி, 2013 நவம்பர் 21ஆம் நாள் ஒபாமாவின் கையொப்பம் பெற்றது. 2016 மார்ச்சில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், தொற்றுடன் இறந்த ஒருவரின் சிறுநீரகமும் கல்லீரலும் தொற்றுடைய இருவருக்குப் பொருத்தப்பட்டன. தொற்றுடையோரிடமிருந்து சிறுநீரகம் பெற்ற 99 பேரையும், தொற்றில்லாதோரிடமிருந்து பெற்ற 99 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2024 அக்டோபரில் வெளிவந்தது. பெற்றவர்கள் யாவரும் தொற்றுடையோரே. இரு சாராரின் வாழ்நாளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அடுத்த மாதமே, சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் ஆராய்ச்சி என்னும் வேலியை அமெரிக்க அரசு அகற்றிற்று.

எண்களை இத்துடன் நிறுத்துவோம். இவ்வரலாற்றில் நமக்கு மிக முதன்மையாகத் தோன்றுவது 2019 மார்ச் மாதத்து நிகழ்ச்சி. அதுவரை சிறுநீரகம் கொடுத்தவர்கள் இறந்தோர். அம்மாதத்தில் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில், எச்.ஐ.வி. தொற்றுடைய பெண்மணி ஒருவர், உயிரோடிருக்கும்போதே, முகமறியாத ஒருவருக்குத் தம் சிறுநீரகம் ஒன்றை மனமுவந்து அளித்தார். குழந்தைப் பருவத்தில் ஏற்றப்பட்ட இரத்தத்தின் வழியாகத் தொற்றினைப் பெற்றவர் அவர். ஒருவரின் கொடையால் நோயுற்றவர், தாம் கொடையாளியாக முன்வந்தார். நம் திருச்சபைகள் எய்ட்ஸ் பணியில் எவ்வளவோ நன்மை செய்துள்ளன என்பதை மறுப்பார் இல்லை. ஆயினும் நம் மன்றாட்டுகளில் தொற்றுடையோர் எப்போதும் இரக்கம் பெறுவோராகவே வருகின்றனர். இரக்கம் காட்டுவோராய் வருவது அரிது. உகாண்டாவின் ஆங்கிலிக்கன் குருவானவர் கிடியோன் பியாமுகிஷா 1992இல் தமக்குத் தொற்றுண்டென்று வெளிப்படையாக அறிவித்தபோது, தொற்றுடையவர் பலிபீடத்தின் மக்கள் பக்கத்தில் மட்டுமல்ல, குருவின் பக்கத்திலும் நிற்கிறார் என்று சபை அறிய நேர்ந்தது. காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்திருந்த ஆண்டவர் யாருடைய கொடையைச் சுட்டிக்காட்டினார் என்பதை நம் வாசகர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

ஜோகன்னஸ்பர்க் நகரில் 2017இல் இதனினும் அரிய நிகழ்ச்சி நடந்தது. கல்லீரல் கெட்டுச் சாகும் நிலையிலிருந்த தொற்றில்லாத குழந்தைக்கு, தொற்றுடைய தாய் தம் கல்லீரலின் ஒரு பகுதியை அளித்தார். காத்திருந்த மாதங்களில் வேறு உறுப்புக் கிடைக்கவில்லை. குழந்தை பிழைத்தது. ஓராண்டு கழிந்தபின்னும் அதன் குருதியில் கிருமி கண்டறியப்படவில்லை. எனினும் தொற்று அறவே இல்லை என்று உறுதிகூற மருத்துவர்கள் தயங்கினர்.

நம் நாட்டைப் பற்றியும் ஒரு சொல். இவ்விரு வரலாறுகளும் தனித்தனியே வேலூரைத் தொட்டுச் சென்றுள்ளன. இந்தியாவில் வெற்றியுடன் நிகழ்ந்த முதல் சிறுநீரக மாற்று அறுவை 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடைபெற்றது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் திரட்டிய குருதி மாதிரிகளில், நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டதும் அதே கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில்தான். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றைக் காரணங்காட்டி மருத்துவம் மறுப்பதைத் தடைசெய்கிறது. தொற்றுடையோர்க்குச் சிறுநீரகம் பொருத்தும் சிகிச்சையும் ஆங்காங்கே நடைபெற்றுள்ளது.

இறையியல் மாணவர்கள் இன்னொன்றையும் சிந்திக்கவேண்டும். இறந்தவரின் உறுப்பைப் பெற உறவினரின் இசைவு தேவை. தமக்குத் தொற்றுண்டென்பதை அவர் மனைவியிடமோ தாயிடமோ சொல்லாமலே இறந்திருக்கக்கூடும். முன்பெல்லாம் அத்தகையோரின் உறுப்பை எவரும் கேட்கவில்லை. மறைபொருள் அவரோடு அடக்கமாயிற்று. இப்போது கேட்கிறார்கள். கேட்பதற்குக் காரணம் சொல்லவேண்டும். அல்லது காரணம் சொல்லாமல் இசைவு பெறவேண்டும். இரண்டும் எளிதல்ல. மனைவியின் உடல்நலத்தை எண்ணின் அவரிடம் சொல்லியாக வேண்டும். இறந்தவருக்குக் கொடுத்த வாக்கை எண்ணின் சொல்லலாகாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே, குடும்பத்தாரோடு அமர்ந்திருக்குமாறு அந்நேரத்தில் அழைக்கப்படுபவர் பெரும்பாலும் அவர்களுடைய சபைப் போதகரே. அம்மறைபொருளை மருத்துவரினும் முன்பே, இறந்தவரின் வாயிலிருந்தே, அவர் கேட்டறிந்திருக்கவும் கூடும்.